கம்பெனி போர்டில் பெண்கள்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரத்தில் காமர்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கம்பெனிச் சட்டம் சொல்லித் தருகிறேன். மணலி, எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்களும் ஆண்டறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சந்தேகம் கேட்க வருவார்கள். இயக்குநர் குழுவில் பெண்கள் இருப்பது பற்றி இரு தரப்பும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எனக்கு இதில் ஒரு தெளிவான நிலைப்பாடு உண்டு. பதில்களில் அதை மறைக்கவில்லை.

போர்டு என்றால் யார்? மேனேஜர்களா?

இல்லை. ஆலையை அன்றாடம் நடத்துபவர்கள் நிர்வாகிகள். அவர்களைக் கேள்வி கேட்கவும், பெரிய செலவுகளுக்கு ஒப்புதல் தரவும், கணக்கைச் சரிபார்க்கவும், மேலாண் இயக்குநரை நியமிக்கவும் நீக்கவும் பங்குதாரர்கள் சார்பில் இருப்பது இயக்குநர் குழு. ஆண்டுக்குக் குறைந்தது 4 முறை கூட வேண்டும். நிர்வாகத்தில் இருப்பவர்களும் இதில் இருப்பார்கள், வெளியிலிருந்து வருபவர்களும் இருப்பார்கள்.

ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது சட்டமா, வெறும் யோசனையா?

சட்டம்தான். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 149-வது பிரிவு சொல்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட எல்லா கம்பெனிகளிலும் ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும். பட்டியலிடப்படாத பப்ளிக் லிமிடெட் கம்பெனியாக இருந்தாலும், செலுத்தப்பட்ட மூலதனம் 100 கோடி ரூபாயோ, விற்றுமுதல் 300 கோடி ரூபாயோ எட்டினால் இதே விதிதான். பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்கு, பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் வாரியமான செபி முதலில் 2014 அக்டோபர் வரை கெடு கொடுத்தது. பலரால் முடியவில்லை என்று அதை 2015 ஏப்ரல் வரை தள்ளிப்போட்டது.

அந்தப் பெண் விலகினால், அடுத்த போர்டு கூட்டம் அல்லது 3 மாதம், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் இடத்தை நிரப்ப வேண்டும்.

நம்ம ஏரியா கம்பெனிகளுக்கும் உண்டா மேடம்?

உண்டு. மணலியில் எண்ணெய் சுத்திகரிக்கும் சி.பி.சி.எல்., மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், மணலி பெட்ரோகெமிக்கல்ஸ், தமிழ்நாடு பெட்ரோபிராடக்ட்ஸ், எண்ணூரில் ஆலை வைத்திருக்கும் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., கார்போரண்டம் யுனிவர்சல் எல்லாமே பட்டியலிடப்பட்டவை. நம் வீட்டுக் கூரையில் கரி படியவைக்கும் ஆலையோ, நம் அப்பாவுக்குச் சம்பளம் கொடுத்த ஆலையோ, அதன் மேலிடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இணையத்தில் யாரும் பார்க்கக்கூடிய தகவல். மணலியில் இருக்கும் சிறிய பிரைவேட் லிமிடெட் யூனிட்டுகளுக்கு மட்டும் இந்த விதி கிடையாது.

முதலாளி தன் பொண்டாட்டியை உட்கார வெச்சுட்டா கணக்கு முடிஞ்சுது இல்ல?

2014-15-ல் பல கம்பெனிகள் அதைத்தான் செய்தன. மனைவி, மகள், மருமகள், சித்தி என்று குடும்பத்துக்குள்ளேயே ஆள் தேடின. 2014 ஜூனில் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் போர்டுக்கு நீதா அம்பானி வந்தது அப்போது எல்லாராலும் பேசப்பட்டது. சட்டத்தின் எழுத்துக்கு இதில் குறை சொல்ல முடியாது. ஆனால் முதலாளியைக் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் முதலாளி வீட்டாரே இருந்தால் யார் கேட்பது?

அதனால்தான் உதய் கோட்டக் தலைமையிலான குழுவின் 2017 பரிந்துரைக்குப் பிறகு செபி விதியை இறுக்கியது. சந்தை மதிப்பில் முதல் 500 கம்பெனிகளில் 2019 ஏப்ரல் முதலும், முதல் 1000 கம்பெனிகளில் 2020 ஏப்ரல் முதலும், ஒரு பெண் சுயாதீன இயக்குநராவது இருக்க வேண்டும். அதாவது புரமோட்டர் (கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளி) குடும்பத்தோடு உறவோ, கம்பெனியோடு பெரிய பணத் தொடர்போ இல்லாதவர். என் கணிப்பில், 2013 சட்டத்தைவிட நிலைமையை அதிகம் மாற்றியது இந்தத் திருத்தம்தான்.

அதே நேரம், குடும்பத்துப் பெண் என்றாலே டம்மி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தண்டையார்பேட்டையிலும் மருத்துவமனை நடத்தும் அப்போலோவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதாப் ரெட்டியின் மகள்கள் பல பத்தாண்டுகளாக அந்த நிர்வாகத்தில் முழுநேரமாக இருப்பவர்கள். டிராக்டர் தயாரிக்கும் டாஃபேயை மல்லிகா சீனிவாசன் எப்படி வளர்த்தார் என்பது ஊரறிந்த விஷயம். உறவு என்பதோடு நிறுத்தாமல், அவர் உட்கார்ந்து வேலை செய்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

குடும்பத்துப் பெண்ணுக்கே இடம் கிடைக்காத கதையும் நம்மூரில் உண்டு. திருவொற்றியூர் கார்போரண்டம் ஆலை முருகப்பா குழுமத்தைச் சேர்ந்தது. அந்தக் குழுமத்தின் தாய் நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸில், மறைந்த எம்.வி.முருகப்பனின் குடும்பத்துக்கு 8 சதவீதத்துக்குச் சற்று மேல் பங்கு இருந்தது. ஆண் வாரிசு இல்லை, இரண்டு மகள்கள். மூத்தவர் வள்ளி அருணாசலம், அணு அறிவியல் பொறியாளர். போர்டில் இடம் கேட்டார். 2020 செப்டம்பர் பொதுக்கூட்டத்தில் 91 சதவீத வாக்கு அதற்கு எதிராக விழுந்தது. 2023-ல் குடும்பத்துக்குள் சமரசம் ஆனது. படிப்பும் பங்கும் இரண்டும் கையில் இருந்த ஒருவருக்கே கதவு திறக்கவில்லை என்பதை என் மாணவிகளுக்கு ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறேன்.

போர்டுல ஒரு அம்மா ஒக்காந்தா கம்பெனிக்கு லாபம் ஏறிடுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நேராகவே சொல்கிறேன்: ஏறும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

பெண்கள் அதிகமுள்ள போர்டுகளைக் கொண்ட கம்பெனிகள் அதிக லாபம் காட்டுகின்றன என்று ஆலோசனை நிறுவனங்கள் பல அறிக்கைகள் வெளியிட்டிருக்கின்றன. ஆனால் இரண்டும் ஒன்றாக இருப்பதால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்றாகாது. நன்றாக ஓடும் பெரிய கம்பெனி பெண்களைத் தேடிப் பிடித்து நியமிக்க வசதி உள்ளதாக இருக்கலாம். 2015-ல் கோரின் போஸ்ட், கிரிஸ் பைரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 140 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். கணக்குப் புத்தகத்தில் காட்டப்படும் லாபத்தோடு ஒரு சிறிய நல்ல தொடர்பு இருந்தது. பங்குச் சந்தை மதிப்போடு தொடர்பு கிட்டத்தட்ட இல்லை.

நார்வேயை வைத்து இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம், ஏனென்றால் அங்கே சட்டம் போட்டு மாற்றினார்கள். 2003-ல் சட்டம் நிறைவேறியது. பட்டியலிடப்பட்டவை உள்ளிட்ட பப்ளிக் லிமிடெட் கம்பெனிகளின் போர்டில் 40 சதவீதம் பெண்கள். முதலில் கம்பெனிகளின் விருப்பத்துக்கு விட்டார்கள், நடக்கவில்லை. பிறகு 2008-க்குள் செய்யாவிட்டால் கம்பெனியையே கலைத்துவிடலாம் என்று கட்டாயமாக்கினார்கள். நடந்தது. அஹெர்ன், டிட்மார் என்ற இருவர் 2012-ல் வெளியிட்ட ஆய்வு, இதனால் கம்பெனி மதிப்பு குறைந்தது என்றது. அதே தரவுகளை வேறு முறையில் அலசிய எக்போ குழு, சொல்லும்படியான பாதிப்பு இல்லை என்றது. பொருளாதார அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: கம்பெனி கவிழ்ந்துவிடும் என்ற பயம் பொய்த்துப்போனது, கொழிக்கும் என்ற வாக்குறுதியும் நிற்கவில்லை. ஒரு ஆண் இயக்குநரை நியமிக்கும்போது “இவர் ஆண் என்பதால் லாபம் எவ்வளவு கூடும்” என்று எவரும் கேட்பதில்லை. பெண்ணுக்கு மட்டும் அந்தக் கேள்வியை வைப்பதே தவறு. முடிவெடுக்கும் இடத்தில் அவளுக்கும் சம உரிமை உண்டு என்பது போதுமான காரணம். அதற்கு லாபக் கணக்கை ஜாமீனாகக் கொடுக்கத் தேவையில்லை.

அப்போ எதுவுமே மாறாதா?

மாறுகிறது. லாப நட்டக் கணக்கில் தேடினால் தெரியாது, போர்டு வேலை செய்யும் விதத்தில் தேடினால் தெரியும். ரெனே ஆடம்ஸ், டேனியல் ஃபெரேரா இருவரும் அமெரிக்கக் கம்பெனிகளை வைத்து 2009-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பெண் இயக்குநர்கள் கூட்டங்களுக்கு ஒழுங்காக வருகிறார்கள். அவர்கள் அதிகமுள்ள போர்டில் ஆண்களின் வருகையும் சீராகிறது. தணிக்கை போன்ற கண்காணிப்புக் குழுக்களில் பெண்கள் அதிகம் சேர்கிறார்கள். பங்கு விலை சரிந்தால் தலைமை நிர்வாகி பதில் சொல்ல வேண்டிய அழுத்தம் கூடுகிறது.

அதே ஆய்வில் இன்னொரு பாதி உண்டு, அதை மறைத்துவிட்டு மேற்கோள் காட்டுவது நியாயமில்லை. ஏற்கெனவே கண்காணிப்பு பலமாக உள்ள கம்பெனிகளில் இந்தக் கூடுதல் கண்காணிப்பு மதிப்பைக் கொஞ்சம் குறைத்தது. பலவீனமாக உள்ள இடங்களில்தான் உதவியது. கேள்வி கேட்க ஆளில்லாத போர்டுக்குத்தான் இது முக்கியமாகத் தேவை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

நமக்கு நெருக்கமான ஒரு விஷயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. மீனவர்கள் குவளையால் எண்ணெயை அள்ளினார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் இருட்டில் ஓடினார்கள். பெண் இயக்குநர் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது. ஆனால் அமெரிக்கக் கம்பெனிகளை ஆராய்ந்த 2018 ஆய்வு ஒன்று, பெண்கள் அதிகமுள்ள போர்டுகளைக் கொண்ட கம்பெனிகள் மீது சுற்றுச்சூழல் வழக்குகள் குறைவாக இருந்ததைக் கண்டது. பழைய குழாயை எப்போது கடைசியாகச் சோதித்தீர்கள் என்று போர்டு அறையில் ஒருவர் கேட்பது நம் ஊருக்கு உயிர் சமாச்சாரம். அதைக் கேட்பவர் யாராக இருந்தாலும் சரி. ஒரே கல்லூரி, ஒரே கிளப், ஒரே வயது ஆட்கள் மட்டும் உள்ள அறையில் அந்தக் கேள்வி எழுவது கஷ்டம்.

ஒருத்தர் இருக்காங்களே, அது போதாதா?

போதாது. பெரிய கூட்டத்தில் ஒரே ஒரு பெண் என்றால் அவர் சொல்வதெல்லாம் “பெண்கள் கருத்து” ஆகிவிடுகிறது என்று ரோசபெத் மாஸ் கேன்டர் 1977-லேயே எழுதினார். போர்டுகளில் இருந்த பெண்களிடம் பேட்டி எடுத்த பின்னாளைய ஆய்வாளர்கள், 3 பேர் ஆகும்போதுதான் அவரைத் தனி மனுஷியாகப் பார்க்கத் தொடங்குகிறார்கள் என்றார்கள். நம் சட்டம் ஒன்றோடு நின்றுவிட்டது. பல கம்பெனிகளும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டன.

கோட்டா கொடுத்தா தகுதி அடிபடாதா சார்/மேடம்?

சென்னை மாநகராட்சியைப் பாருங்கள். வார்டுகளில் பாதி பெண்களுக்கு. 2022-ல் மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. திரு.வி.க. நகரைச் சேர்ந்த ஆர்.பிரியா 28 வயதில் மேயரானார். தாரா செரியன், காமாட்சி ஜெயராமனுக்குப் பிறகு மூன்றாவது பெண் மேயர், முதல் தலித் பெண் மேயர். ஒதுக்கீடு இல்லாமல் வடசென்னையிலிருந்து ஒரு இளம் பெண்ணை ரிப்பன் மாளிகை நாற்காலிக்கு எந்தக் கட்சி அனுப்பியிருக்கும்?

கவுன்சிலர் அம்மா வீட்டில், கூட்டத்துக்குப் போவது அவர் கணவர் என்ற குறையும் எனக்குத் தெரியும். அது உண்மை, அது கண்டிக்கத்தக்கது. ஆனால் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஒதுக்கீட்டில் வந்த பெண் ஊராட்சித் தலைவர்களை ஆராய்ந்த சட்டோபாத்யாய், எஸ்தர் டுஃப்லோ இருவரும் 2004-ல் எழுதியது இது: பெண்கள் அதிகம் முறையிடும் விஷயங்களில், குறிப்பாகக் குடிநீரில், அந்த ஊராட்சிகள் அதிகம் செலவழித்தன. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற வடசென்னைப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

“தகுதியான பெண்களே கிடைக்கவில்லை” என்கிறார்களே?

கிடைக்காமல் செய்தது யார் என்று பார்க்க வேண்டும். உற்பத்தித் துறைக் கம்பெனிகளில் நிர்வாக இயக்குநராக வருபவர்கள் பெரும்பாலும் ஆலையிலிருந்து மேலே ஏறியவர்கள். ஷிப்ட் இன்ஜினீயர், பிளாண்ட் மேனேஜர், ஆலைத் தலைவர், பிறகு போர்டு. சுத்திகரிப்பு ஆலை ராத்திரி நிற்காது, மூன்று ஷிப்டும் ஓடும். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-வது பிரிவோ, காலை 6 முதல் இரவு 7 வரை தவிர பெண்களை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. நைட் ஷிப்ட் பார்க்காதவருக்கு ஷிப்ட் பொறுப்பு கிடைக்காது. முதல் படியே இல்லையென்றால் மேல் படி ஏது?

சென்னை உயர்நீதிமன்றம் 2000 டிசம்பரில் அந்தத் தடையை அரசியலமைப்புக்கு முரணானது என்று ரத்து செய்தது. அதன் பிறகு 22 வயதில் ஆலையில் சேர்ந்த பெண் இன்று நாற்பதுகளின் பின்பாதியில் இருப்பார். போர்டுக்கு வரும் வயது இப்போதுதான் நெருங்குகிறது. அதற்கு முந்தைய தலைமுறையில் தடையைத் தாண்டி வந்தவர்களும் இருக்கிறார்கள். நிஷி வாசுதேவா 2014-ல் ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தின் தலைவரானார். சுக்லா மிஸ்த்ரி 2022-ல் இந்தியன் ஆயிலின் சுத்திகரிப்புப் பிரிவு இயக்குநரானார், அந்தக் கம்பெனியின் முதல் பெண் செயல் இயக்குநர் அவர். மணலி சி.பி.சி.எல். இந்தியன் ஆயிலின் துணை நிறுவனம்தான்.

சுயாதீன இயக்குநர் பதவிக்கு ஆலை அனுபவம் கட்டாயமில்லை. சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட், வழக்கறிஞர், வங்கி அதிகாரி, பேராசிரியர், ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். என யாரும் வரலாம். மத்திய அரசு 2019-ல் இதற்கென்று ஒரு தகவல் தளமே தொடங்கியது. ஆள் கிடைக்கவில்லை என்பவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர் வட்டத்துக்குள் மட்டும் தேடியவர்கள்.

விதியை மீறினால்?

கம்பெனிகள் சட்டப்படி 50,000 ரூபாய், தொடர்ந்தால் நாளுக்கு 500 ரூபாய், கம்பெனிக்கு உச்சவரம்பு 3 லட்சம். பங்குச் சந்தை தனியாக நாளுக்கு 5,000 ரூபாய் அபராதம் போடும். பெரிய கம்பெனிக்கு இது ஒரு பொருட்டே இல்லை, நார்வே அளவுக்குக் கடுமை வேண்டும் என்பது என் கருத்து.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது பொதுத்துறை. 2023, 2024-ல் இந்தியன் ஆயில், ஓ.என்.ஜி.சி., கெயில் போன்ற அரசு கம்பெனிகளுக்கே சுயாதீன இயக்குநர்களும் பெண் இயக்குநரும் போதிய அளவு இல்லை என்று பங்குச் சந்தைகள் அபராதம் விதித்தன. நியமிக்கும் அதிகாரம் அமைச்சகத்திடம் இருக்கிறது, எங்கள் கையில் இல்லை என்று அவை பதில் சொன்னன. சட்டம் போட்ட அரசே இடத்தைக் காலியாக வைத்திருக்கலாமா?

மேலே ஒரு பெண் உட்கார்ந்தால், கீழே வேலை செய்யும் பெண்களுக்கு என்ன கிடைக்கும்?

தானாக ஒன்றும் இறங்கி வராது. மரியான் பெர்ட்ரான்ட் குழு நார்வேயில் இதைத்தான் தேடியது. போர்டுக்கு வந்த பெண்களின் தகுதியும் சம்பளமும் உயர்ந்தன. அதே கம்பெனிகளில் கீழ்நிலையில் இருந்த பெண்களுக்குக் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை.

முதல் 1000 பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் ஆண்டறிக்கையோடு பி.ஆர்.எஸ்.ஆர். என்ற, சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு பற்றிய அறிக்கை தருகின்றன. அதில் போர்டில் பெண்கள் எத்தனை பேர் என்று ஒரு அட்டவணை, நிரந்தரத் தொழிலாளர்களிலும் ஒப்பந்தத் தொழிலாளர்களிலும் எத்தனை பேர் என்று இன்னொரு அட்டவணை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கம்பெனி எந்த மாடியில் மாறியிருக்கிறது, எந்த மாடியில் மாறவில்லை என்பது தெரிந்துவிடும்.

எங்கிட்ட பத்து ஷேர்தான் இருக்கும்மா. நான் என்ன பண்ண முடியும்?

நிறைய. முதலில் ஆண்டறிக்கையில் கார்ப்பரேட் கவர்னன்ஸ் பகுதியைத் திறங்கள். இயக்குநர்கள் பெயர் வரிசையாக இருக்கும். பக்கத்தில், ஆண்டில் எத்தனை கூட்டம் நடந்தது, அவர் எத்தனைக்கு வந்தார், கடந்த பொதுக்கூட்டத்துக்கு வந்தாரா, வேறு எத்தனை கம்பெனிகளில் இயக்குநர் என்று கட்டம் கட்டமாக இருக்கும். சுயாதீன இயக்குநராக ஒருவர் 7 பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்கு மேல் இருக்க முடியாது. ஏழிலும் இருக்கிறார் என்றால், எல்லா கோப்பையும் படிக்க நேரம் இருக்குமா என்று நீங்களே யோசியுங்கள். இயக்குநர்களுக்குள் உறவு இருந்தால் அதையும் எழுத வேண்டும். ஒவ்வொருவருக்கும் என்ன திறமை என்ற அட்டவணையும் கட்டாயம். அந்தப் பெண் தணிக்கைக் குழுவில் இருக்கிறாரா, சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) குழுவில் மட்டும் இருக்கிறாரா என்பதையும் பாருங்கள். என் அனுபவத்தில் அதிகம் சொல்வது இந்தக் கடைசி விவரம்தான். பண விவகாரம் பேசும் இடத்தில் அவரை வைத்திருக்கிறார்களா என்பது அதில் தெரியும்.

பிறகு வாக்கு. பட்டியலிடப்பட்ட கம்பெனியில் சுயாதீன இயக்குநர் நியமனத்துக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதாவது விழுந்த வாக்கில் 75 சதவீதம். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன் குறைந்தது 3 நாள் இணைய வாக்குப்பதிவு திறந்திருக்கும், கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மூடும். செல்போனிலேயே போடலாம். பங்குகளை மின்னணு முறையில் பாதுகாக்கும் என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். அனுப்பும் மின்னஞ்சலை ஸ்பேம் என்று அழித்துவிடாதீர்கள்.

இன்னும் ஒரு வழி 151-வது பிரிவில் இருக்கிறது. 20,000 ரூபாய் முகமதிப்புக்கு மேற்படாத பங்கு வைத்திருப்பவர்கள் 1000 பேர், அல்லது அவர்களில் பத்தில் ஒரு பங்கு, எது குறைவோ அத்தனை பேர் சேர்ந்தால், சிறு பங்குதாரர்கள் சார்பில் ஒரு இயக்குநரைத் தேர்ந்தெடுக்கக் கோரலாம். மணலியிலும் எண்ணூரிலும் ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் சங்கங்கள் இருக்கின்றன. அவர்கள் இதைப் பற்றி ஒரு கூட்டமாவது போட்டுப் பேச வேண்டும் என்பது என் ஆசை.

என் பொண்ணு பி.காம். முடிக்கப்போறா. அவளுக்கு இதுல வழி இருக்கா?

கம்பெனி செகரட்டரி படிப்பைப் பாருங்கள். பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு கம்பெனியும் முழுநேர செகரட்டரி வைத்தாக வேண்டும். போர்டு கூட்டத்துக்கு நோட்டீஸ் அனுப்புவது, அஜெண்டா தயாரிப்பது, நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது அவர் வேலை. முதல் நாளிலிருந்தே அந்த அறைக்குள் இருப்பார். இந்தப் படிப்பை நடத்தும் ஐ.சி.எஸ்.ஐ. நிறுவனத்தின் தென்மண்டல அலுவலகம் நுங்கம்பாக்கத்தில்தான் இருக்கிறது.

பொதுக்கூட்டத்தில் தமிழில் கேள்வி கேட்கலாமா?

கேட்கலாம். எந்த மொழியில் பேச வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. இப்போது பல கூட்டங்கள் காணொலியில் நடக்கின்றன. பேச விரும்புபவர்கள் முன்கூட்டியே பெயர் பதிவு செய்ய ஒரு மின்னஞ்சல் முகவரியும் கடைசித் தேதியும் நோட்டீஸில் இருக்கும். டீமேட் கணக்கு எண்ணோடு எழுதி அனுப்புங்கள். நேரம் குறைவாகத்தான் தருவார்கள், அதனால் ஒரே கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். “தணிக்கைக் குழுவில் ஏன் ஒரு பெண்கூட இல்லை?” என்று கேட்டால் சேர்மன் பதில் சொல்லாமல் நழுவுவது கஷ்டம்.